மீசை முறிவுக் கோட்பாடு: திருகோணமலைச் சிங்க இறால் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பிரச்சினை

எந்த வீதியில் இறங்கி நடந்தாலும் கடைசியில் கடலில் போய் முடிகிற ஊர் திருகோணமலை. அந்தக் கடலில் மிக அதிக விலை போகும் உயிரினங்களில் ஒன்றான சிங்க இறாலை அவ்வூர் மக்கள் எப்போது, எந்த நிபந்தனையின் கீழ், எந்தச் சட்டியில் வைத்து உண்கிறார்கள் என்ற வினா இன்றுவரை ஒருவருக்கும் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தரவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். வெற்றிடம் என்று இங்கே குறிப்பிடப்படுவது அறிவுலகத்தையா, ஆய்வாளரின் வயிற்றையா என்று மதிப்பீட்டுக் குழு கேட்குமாயின், இரண்டையும்தான் என்பதே பதில்.

பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலையில் மீன் சந்தைக்குப் போகிறவர் பாரை, சூரை, கும்பளா, சாளை, விளைமீன், கணவாய், நண்டு எல்லாவற்றையும் வரிசையாகக் காண்பார். சிங்க இறாலைக் காணமாட்டார். அது இல்லாமல் இல்லை. வியாபாரியின் காலடியில், மூடி இறுக்கிய ரெஜிபோம் பெட்டிக்குள், நனைந்த சாக்குக்குக் கீழே இருக்கிறது. வரிசையில் கிடப்பது மீன். பெட்டிக்குள் இருப்பது அந்நியச் செலாவணி.

இங்கே ஒரு வரைவிலக்கணம் அவசியமாகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சில சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் இரண்டு பெரிய கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு செக்கச்செவேலென்று ஒரு பிராணி நிற்கும். அது வட அத்திலாந்திக்கைச் சேர்ந்தது. திருகோணமலைக்கு அது வந்ததென்றால் அச்சகத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நம்முடைய சிங்க இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. பத்துக் கால்கள், முதுகு முழுக்க முள், உடம்பைவிட நீளமான இரண்டு மீசைகள், தட்டினால் கையைக் கிழிக்கும் வால். உயிரோடிருக்கும்போது சிவப்பாகவும் இராது. ஒரு வகை பழுப்புப் பச்சை, ஒரு வகை கறுப்பும் வெள்ளையும் கோடிட்ட பச்சை, இன்னொரு வகை நீலமும் மஞ்சளும் கலந்து கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட கோலத்தில் இருக்கும்.

முன்னைய ஆய்வுகள்

இத்துறையில் முதல் குறிப்பை எழுதியிருக்கக் கூடியவர் திருஞானசம்பந்தர். ஏழாம் நூற்றாண்டில் இவ்வூர்க் கோணேசர் மீது அவர் பாடிய பதிகத்தின் தொடக்கத்திலேயே, கடலலை சந்தனத்தையும் அகிற்கட்டையையும் மணிகளையும் முத்தையும் கொண்டுவந்து கரையில் கொட்டுவதைப் பட்டியலிடுகிறார். கரைக்கு வரும் பொருள்களை அவ்வளவு கவனமாகக் கணக்கெடுத்தவர் சிங்க இறாலை விட்டுவிட்டார். சைவக் குழந்தை என்பதால் இது மன்னிக்கத் தக்கது. மேலும் அவர் இங்கு வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. களஆய்வு செய்யாமல் கட்டுரை எழுதும் வழக்கம் நம்மிடையே பழையது.

அடுத்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம், கண்டி அரசனின் ஆட்களிடம் தகப்பனோடும் மாலுமிகளோடும் சிறைப்பட்டவர். மகாவலி கடலில் விழுகிற அந்தக் குடாவிலேயே அவரை வைத்திருந்தால் இத்துறை எவ்வளவோ முன்னேறியிருக்கும். மாறாக மலைநாட்டுக்கு இழுத்துப் போனார்கள். 1679 இல் தப்பியோடும்வரை சோற்றையும் பலாக்காயையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1681 இல் வெளிவந்த அவருடைய நூல் உள்நாட்டு உணவு பற்றி விரிவாகப் பேசுவதும் கடற்கரைச் சட்டி பற்றி ஊமையாக இருப்பதும் கண்டி அரசனின் குற்றமேயன்றி அவருடையதல்ல.

மூன்றாவதாக, பிரித்தானியக் கடற்படையின் சார்ள்ஸ் ஒஸ்ரின். 1850 இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியானவர், 1852 இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய அக்காதான் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின். தம்பி தளபதியாவதற்கு 33 வருடங்கள் முன்பே அக்கா காலமாகிவிட்டதால், ஆங்கில இலக்கியத்தின் தலைசிறந்த ஆறு கலியாண நாவல்களிலும் ஒரு வீட்டிலாவது சிங்க இறால் கறி பரிமாறப்படவில்லை. இந்த இழப்பை ஆங்கிலத் துறையினர் இன்னும் உணரவில்லை.

1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கல்லிடுக்கு எங்கேயோ சிங்க இறால் அங்கே என்பது இப்பகுதிச் சுழியோடிகளின் பாலபாடம். தூண்கள் உலகப் புகழ் பெற்றன. இடுக்கில் குடியிருந்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனவே எழுத்துச் சான்றுகள் கைவிட்ட நிலையில், இவ்வாய்வு வாய்மொழித் தரவுகளையே நம்பியிருக்கிறது. தகவலாளிகள் பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர்களுள் மூவர் விலையும் சொல்ல விரும்பவில்லை.

ஆய்வுப் பரப்பும் பருவமும்

உள்துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கப்பலுக்கு அது நல்லது. சிங்க இறாலுக்கு ஆழத்தைவிடக் கல்லே முக்கியம். சுவாமி மலையடி, கொட்டியாரக் குடாவின் வாய், நிலாவெளிக்கு வடக்கே உள்ள பார்கள் என்று கல்லும் பவளமும் உள்ள இடமெல்லாம் அதன் குடியிருப்பு. புறாத்தீவைச் சுற்றியுள்ள பவளப்பார் 2003 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ளவை வனசீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருப்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன. எல்லை எங்கே முடிகிறது என்பது இறாலுக்குத் தெரியுமா என்பது சட்டத்துறையினர் ஆராய வேண்டியது.

காலம் என்று பார்த்தால், வாடைக்காற்று எழும்பி மாரி தொடங்கிவிட்டால் கடல் கலங்கி மகாவலி வெள்ளம் குடா முழுக்கச் சேறாகிவிடும். அப்போது சுழியோடுவதற்கில்லை. பங்குனி, சித்திரையில் கடல் கண்ணாடியாகத் தெளியும். மேற்குக் கரை மீனவர்கள் வாடி போட வந்து சேருவார்கள். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று தரையைப் பொரிக்கும்போது கிழக்குக் கடல் அநேகமாக அமைதியாகவே கிடக்கும். அதுதான் பெட்டிகள் நிறையும் காலம். யுத்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, இரவுத் தொழிலுக்குப் பல தடவை தடை இருந்தது. இரவில் மட்டும் வெளியே உலாவும் பிராணியும் இரவில் வெளியே போக முடியாத மீனவரும் வருடக்கணக்காகச் சந்திக்காமலே இருந்தார்கள். வயதான மீனவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, "அதுக்கும் நல்லா வளர நேரம் கிடைச்சது" என்றார்.

ஆய்வின் வரையறை

வெள்ளிக்கிழமை. சைவ வீட்டில் மரக்கறி, இஸ்லாமியத் தொழிலாளிக்கு ஜும்மா, தவசுகாலமாயின் கத்தோலிக்க வீட்டில் ஒறுத்தல். மூன்று சமயங்களும் ஒரே நாளில் சேர்ந்து சிங்க இறாலுக்கு அளிக்கும் இந்த வாராந்த விடுமுறையில் தரவு சேகரிக்க முடியவில்லை.

கோட்பாடு

இனி மையப் பொருளுக்கு வருவோம். கீழ்வரும் உரையாடல் சந்தையோரம் பதிவானது.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்ல அண்ணன்."

"ஒண்டுமில்லாத பெட்டி ஏன் அசையுது?"

"அது கொழும்புக்குப் போறது."

"எல்லாமே?"

தம்பி வீதியை இரண்டு பக்கமும் பார்க்கிறார். பெட்டி மூடியை ஒரு சாண் தூக்குகிறார். "ரெண்டு மட்டும் மீசை முறிஞ்சது கிடக்கு. உங்களுக்கெண்டாத் தரலாம்."

உங்களுக்கென்றால் தரலாம் என்பது அன்று காலை பலருக்கும் சொல்லப்பட்டதை ஆய்வாளர் அருகில் நின்று கேட்டார். ஆனாலும் அதைக் கேட்கையில் உண்டான பெருமிதத்தை மறைக்க முடியவில்லை.

இந்த உரையாடலில்தான் முழுக் கோட்பாடும் அடங்கியிருக்கிறது. உயிரோடு விமானம் ஏறும் சிங்க இறாலுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: எடை, உயிர், உறுப்புக் குறையாமை. ஹொங்கொங்கிலோ சீனாவிலோ கலியாண விருந்து மேசையில் அதை முழுசாகக் கிடத்தி வைப்பார்கள். மீசை இரண்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு மீசை இல்லாத இறால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அபசகுனம், ஏற்றுமதியாளருக்கு நட்டம். ஆகவே மீசை முறிந்த அந்தக் கணமே அது ஏற்றுமதிப் பொருள் என்ற தகுதியை இழந்து ஊர்க்காரர் ஆகிவிடுகிறது. விலையும் ஊர்க்காரர் தொடக்கூடிய இடத்துக்கு இறங்குகிறது. இதையே பின்வருமாறு வகுக்கிறோம்: திருகோணமலை வீட்டுச் சட்டிக்குள் வந்து சேரும் சிங்க இறாலின் அளவு, கடலுக்கும் பெட்டிக்கும் இடையில் மீசை முறியும் அளவுக்கு நேர்விகித சமனாகும்.

இக்கோட்பாட்டின் அழகு எங்கே இருக்கிறதென்றால், மீசைக்கு ருசி இல்லை. வாலில் உள்ள இறைச்சி மீசை போனதை அறியாது. இறாலுக்கும் பெரிய துக்கமில்லை. அடுத்த தடவை ஓடு கழற்றும்போது மீசை மறுபடி முளைக்கத் தொடங்கும். உலகச் சந்தை ஒரு மயிருக்காகக் கழித்துவிட்டதை உள்ளூர்ச் சட்டி முழு ருசியோடு ஏற்றுக்கொள்கிறது. பொருளியல் துறையினர் இதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கக்கூடும். சந்தையில் "கழிவு" என்கிறார்கள்.

மீசை எப்படி முறிகிறது என்பது தனி இயல். கல்லைச் சுற்றி அடியில் கட்டிய தங்கூசி வலையில் சிக்கினால், முதுகு முள் ஒவ்வொன்றையும் வலையிலிருந்து எடுத்து முடிக்கப் பொறுமை வேண்டும். விடியுமுன் கரை சேர வேண்டிய பையனுக்குப் பொறுமை இருக்காது. சுழியோடிப் பிடிப்பதில் இன்னொரு வழி உண்டு. கல்லிடுக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மீசைதான். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் கண்ணில் பட்டதைப் பற்றி இழுப்பார். இறால் வாலை ஒரு சுருட்டுச் சுருட்டிப் பின்பக்கமாக இடுக்குக்குள் போய்விடும். கையில் மீசை, கல்லுக்குள் இறால். கைதேர்ந்தவர் மீசையைத் தொடமாட்டார். ஒரு கையால் முன்னால் போக்குக் காட்டி, மறு கையை மேலே கொண்டுபோய் முதுகோடு அழுத்திவிடுவார். அப்போது அது 'கிறீச்' என்று கத்தும். வாயால் அல்ல. மீசையின் அடிப்பாகத்தை கண்ணுக்குக் கீழுள்ள வரம்பில் உரசி அந்த ஓசையை எழுப்புகிறது. வயலின் வில் நரம்பில் பற்றியும் வழுக்கியும் ஓசை தரும் அதே தத்துவம் என்று 2001 இல் ஷீலா பட்டெக் என்ற உயிரியலாளர் நிறுவினார். வீட்டில் சட்டியருகே நின்று அந்த ஓசையை முதன்முதல் கேட்கும் பிள்ளைகள் அன்று பருப்பும் முட்டையும் போதும் என்று சொல்வதுண்டு. இதனால் பெரியவர்களின் பங்கு கூடுகிறது. எனவே சங்கீதத்துக்கும் போசாக்குக்கும் தொடர்பு உண்டு.

தெரிவு முறை

மீசையைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். கழிவு என்ற பெயரில் செத்ததைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். முதுகைப் பிடித்துத் தூக்கினால் வால் படபடவென்று அடிக்க வேண்டும். அடிக்காமல் தொங்கினால் வைத்துவிட்டு வரலாம். செத்த சிங்க இறாலின் ஈரல் தானே கரைந்து பக்கத்துச் சதையையும் குழைய வைத்துவிடும். எந்தச் சரக்குத்தூளும் அதை மீட்காது.

அடுத்து புரட்டிப் பார்க்க வேண்டும். கடைசிக் கால் சோடியின் நுனியில் சின்னக் கிள்ளுக் கொடுக்கு இருந்தால் பெண். பெண்ணின் வாலுக்கடியில் செம்மஞ்சளாக முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் பேச்சை அத்தோடு நிறுத்த வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி முட்டையோடு இருப்பதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்கிற கெட்டிக்காரத்தனமும் இத்தொழிலில் உண்டு. வாலடியில் உள்ள சின்னத் துடுப்புகள் கலைந்து கிழிந்து கிடந்தால் சந்தேகப்படலாம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணாடித் தாள் அளவு தட்டையாகக் கடலில் மாதக்கணக்காக மிதந்த பிறகுதான் இறால் உருவத்துக்கு வருகிறது. ஒரு கொத்தைச் சுரண்டுகிறவர் எத்தனை வீட்டுச் சட்டியைக் கவிழ்க்கிறார் என்று அவருக்கே தெரிந்தால் நல்லது.

நிறுவை பற்றி ஒரு சொல். நீரோடு தூக்கித் தராசில் போடுவார்கள். இரண்டு உதறல் உதறச் சொல்லலாம். இறால் மூன்றாவதாகத் தானே உதறும்; வியாபாரியின் சட்டை நனையும். மொத்த எடையில் வால் இறைச்சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் தண்ணீரையும் சேர்த்து வாங்க நமக்குக் கட்டாது.

வீட்டுக்குக் கொண்டு போகும் வழி நனைந்த சாக்குத்தான். சொப்பிங் பேக்கில் கட்டினால் மூச்சுமுட்டும், குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டால் செத்துப்போகும். சாக்கை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வரும்போது, கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று நடுவீதியில் நின்று யோசிக்கும். திருகோணமலையில் மானுக்கு அவசரம் கிடையாது. வாகனங்களெல்லாம் நிற்க, கைப்பிடியில் சாக்கு மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஓட்டோவில் இருப்பவர் தலையை நீட்டுவார். "மீசை முறிஞ்சதோ?" என்று கேட்பாரேயொழிய, அது என்ன என்று கேட்கமாட்டார்.

சமையல்

கொல்வது யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. சுவிட்சர்லாந்தில் 2018 முதல், மயக்காமல் கொதிநீரில் போடுவது சட்டப்படி தடை. பிரித்தானியா 2022 இல் இயற்றிய சட்டத்தில் நண்டு, இறால் வகைகளை உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. இவை நியாயமான சட்டங்கள். ஐஸ் கட்டிக்குள் புதைத்து அசைவு அடங்கிய பின் கண்ணுக்குப் பின்னால் கத்தியை நேராக இறக்குவதே இரு தரப்புக்கும் நல்லது. ஆய்வாளர் இதைச் சட்டப் பின்னணியோடு குசினி வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்கையில், மாமி ஐஸ் வைத்து, எடுத்து, பிளந்து, கழுவியும் முடித்துவிட்டார்.

பிளந்த இடத்தில் வழியும் இரத்தம் சிவப்பில்லை. முதலில் நிறமற்று, காற்றுப் பட்டதும் இலேசாக நீலம் கட்டும். இரும்புக்குப் பதிலாகச் செம்பு. சூடேறினால் ஓடு சிவப்பது தனி அதிசயம். அந்தச் சிவப்பு முதலிலிருந்தே ஓட்டில் இருக்கிறது. புரதம் ஒன்று அதைக் கட்டிப்போட்டு நீலமும் பச்சையுமாகக் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் உண்மை நிறம் வெளியே வருகிறது. எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வு நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் இதைக் கண்டிருக்கிறோம்.

தலைக்குள் இருக்கும் மண்பையையும் வால் நெடுக ஓடும் குடலையும் எடுத்துவிட வேண்டும். ஈரலை எடுக்கக் கூடாது. அதை எறிகிற வீட்டில் சம்பந்தம் செய்யவும் கூடாது. வாலை ஓட்டோடு மூட்டுக்கு மூட்டு வெட்ட வேண்டும், தலையை இரண்டாகப் பிளக்க வேண்டும். கால்களைத் தனியாக வைத்தால் இராத்திரிச் சொதிக்கு ஆகும்.

மாமியின் முறை இது. தாச்சியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், பெருஞ்சீரகம், சின்ன வெங்காயம், பிளந்த பச்சை மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை. வெங்காயம் மினுங்கத் தொடங்கியதும் வறுத்து இடித்த தூள்; அடுப்பு தணிவில், தூள் கருகாமல் மணக்க மட்டும். பிறகு இரண்டாம் பாலும் கொஞ்சம் பழப்புளியும் உப்பும் விட்டுக் கொதிக்கவிட வேண்டும். குழம்பு கொதித்துத் தடித்த பிறகுதான் இறால். முதலிலேயே போட்டு குழம்போடு சேர்த்துக் கொதிக்க வைப்பதுதான் ஊரில் நடக்கிற பெரும் பாவம். காசு கொடுத்து வாங்கியதை இறப்பர் செருப்பாக்குகிற வேலை. பத்து நிமிடத்துக்குள் சதை ஓட்டை விட்டு நழுவி வெள்ளை வெளேரென்று திரளும். அந்த நேரம் தலைப்பாலை விட்டு, ஒரு கைப்பிடி முருங்கையிலை தூவி, ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் வேகட்டுமே மாமி" என்று ஆய்வாளர் கூறியபோது, "நீங்க போய் எழுதுங்க" என்ற பதில் கிடைத்தது.

நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வேறொரு மரபு நிலவுகிறது. நடுவில் பிளந்து, உள்ளியும் பட்டரும் பூசி, நெருப்பில் வாட்டி, ஒரு துண்டு தேசிக்காயோடு வைப்பார்கள். இதில் தீங்கில்லை, கடல் நீரின் உப்பும் பட்டரும் சேர்ந்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே ஓடு வெறும் கோப்பையாகிவிடுகிறது. கறியில் ஓடுதான் வேலை செய்கிறது. அதன் சாறு குழம்புக்கு இறங்க, குழம்பு மூட்டுவழியாக உள்ளே ஏறுகிறது. இன்னொரு கோஷ்டி பாரிஸ் முறைப்படி சீஸ், கடுகு, பிரண்டி சேர்த்து ஓட்டுக்குள் அடைத்து 'தெர்மிடோர்' என்று கொண்டுவரும். அப்பெயர் பிரெஞ்சு நாடகாசிரியர் சார்து எழுதிய நாடகத்திலிருந்து வந்ததென்பர். 1891 இல் அந்த நாடகம் மேடையேறிய சில நாட்களில் பிரெஞ்சு அரசு அதைத் தடைசெய்தது. சாப்பாட்டைத் தடைசெய்யத் தவறிவிட்டது.

நுகர்வு

சோற்றோடா, பிட்டோடா? சோற்றுக் கட்சி எண்ணிக்கையில் பலமானது. பிட்டுக் கட்சி சரியானது. குழலிலிருந்து இறக்கிய சூட்டோடு பிட்டை உதிர்த்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை விட்டால், அது கீழே ஓடாமல் நின்று ஊறும். சோறு குழம்பைத் தட்டின் கரைக்கு அனுப்பிவிடும். இடியப்பம் என்று சொல்லும் மிதவாதிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு எமக்குப் பகை இல்லை.

கடினமான பிளவு வேறு: வால் கட்சியும் தலைக் கட்சியும். வாலில் சதை இருக்கிறது, முள் இல்லை, மரியாதையாகச் சாப்பிடலாம். ஆகவே விருந்தாளிக்கும் பிள்ளைகளுக்கும் புது மருமகனுக்கும் வால் போகிறது. தலையில் சதை இல்லை. அங்கே இருப்பது ஈரல், சாறு, கால் பொருந்தும் இடங்களில் ஒளிந்திருக்கும் நூல் நூலான சதை, மீசை அடிக்குள் ஒரு விரல் அளவு இனிப்பான துண்டு. இதை எடுக்க முக்கால் மணித்தியாலமும் வெட்கமின்மையும் வேண்டும். கலியாணமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் மருமகன்கள் தலைக் கட்சிக்கு மாறுகிறார்கள். அதற்குள் தலை ஏற்கனவே மாமாவுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது தெரிய வரும். வீட்டில் தலை யாருக்குப் போகிறதோ அவரே வீட்டுக்குத் தலை என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்திருந்தார். ஆனால் மாமி குசினியில் தனியாக ஒரு சிறு கோப்பையில் ஈரலை எடுத்து வைத்திருந்ததைக் கண்ட பின், அதிகாரப் பகிர்வு பற்றிய இந்தப் பகுதி மறுபரிசீலனையில் உள்ளது.

உபகரணம் என்று வந்தால், ஹோட்டலில் ஓடு உடைக்க வெள்ளிக் குறடு ஒன்று தருவார்கள். வீட்டில் பாக்குவெட்டி. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து பாக்குவெட்டி காணாமல் போகும் நாள், இன்று வீட்டில் என்ன கறி என்பதை அயலுக்கு அறிவிக்கும் நாளுமாகும்.

கோட்பாட்டுக்கு எழும் மறுப்பு

பலமான மறுப்பு ஒன்றே ஒன்றுதான். மீசை முறிந்தால் விலை குறையும் என்றால், வாங்க வருகிறவரே முறித்துவிட்டு வாங்கலாமே? அப்படியானால் மீசை முறிவு கடலில் நிகழும் இயற்கை நிகழ்வாக இல்லாமல், சந்தையில் நிகழும் சதியாகிவிடும், கோட்பாடு சரிந்துவிடும்.

இதைப் பரிசோதித்துப் பார்த்தவர் ஆய்வாளர் அல்லர், ஓய்வுபெற்ற ஓர் அரசாங்க உத்தியோகத்தர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. பெட்டிக்குள் முழு மீசையோடு கிடந்த பெரிய இறால் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், கண்ணருகே கொண்டுபோனார். குடைக் கம்பியில் சிக்கியதோ, விரலே வேலை செய்ததோ, 'டிக்' என்றது. மீசை பாதியில் முறிந்து கீழே விழுந்தது. "அட, முறிஞ்சு போச்சே தம்பி. இனி இது கொழும்புக்குப் போகாது" என்று மிகுந்த கவலையோடு சொன்னார்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. இறாலை வாங்கித் தராசில் வைத்தார். குனிந்து, பெட்டியோரம் கிடந்த மீசைத் துண்டைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, அதையும் தராசில் இறாலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முழு றால் ஐயா, முழு விலை" என்றார். "மீசை உங்கட. கொண்டு போங்க."